திரும்பி வந்த மின்னஞ்சல் என்ன சொல்கிறது?

உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். மாணவரின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியாயிற்று. இரண்டு நிமிடங்களில் 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஒரு மடல் வருகிறது. உள்ளே பத்துப் பதினைந்து வரி ஆங்கிலமும் சில எண்களும் இருக்கின்றன. நம்மில் பலர் அதைப் பாதியிலேயே மூடிவிட்டு, அதே மடலை மறுபடியும் அனுப்புகிறோம். அதுவும் திரும்பி வருகிறது. மூன்றாவது முறையும் இப்படியே நடந்தால், 'இன்றைக்கு நெட் சரியில்லை' என்று முடிவு செய்துவிடுகிறோம்.

உண்மையில் நெட் சரியாக இருந்ததால்தான் அந்த மறுப்பு மடல் நம்மிடம் வந்து சேர்ந்தது. பதிவுத் தபால் திரும்பி வரும்போது அதன் உறை மேல் தபால்காரர் ஒரு குறிப்பு எழுதியிருப்பார். 'வீடு பூட்டியுள்ளது', 'முகவரி போதாது', 'பெற மறுத்தார்' என்று அது இருக்கும். குறிப்பைப் பொறுத்துத்தான் நாம் அடுத்த வேலையைச் செய்வோம். வீடு பூட்டியிருந்தால் சில நாள் கழித்து அனுப்புவோம். முகவரி போதாது என்றால் கதவு எண்ணைத் தேடுவோம். மின்னஞ்சலும் அப்படித்தான். திரும்பி வரும் ஒவ்வொரு மடலும் காரணத்தைச் சுமந்துகொண்டே வருகிறது. அந்தக் காரணத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல்களை நாமே தீர்த்துக்கொள்ளலாம். மீதிப் பாதிக்கு யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

மடல் போகும் வழி

1971-இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பு வழியே மடல் அனுப்பிக் காட்டினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க அவர் தேர்ந்தெடுத்த '@' குறிதான் இன்றும் நம் முகவரிகளில் இருக்கிறது. மடல்களைக் கைமாற்றும் முறையை 1982-இல் ஜான் போஸ்டல் விதிகளாக எழுதி வெளியிட்டார். எஸ்எம்டிபி என்று அழைக்கப்படும் அந்த விதிகள் 2001-லும் 2008-லும் திருத்தி வெளியிடப்பட்டன. அடிப்படை மட்டும் மாறவில்லை.

நாம் அனுப்பும் மடல் நேராகப் பெறுநரின் கைப்பேசிக்குப் போவதில்லை. முதலில் அது நம் மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. பாடநூல்களில் சேவையகம் என்று வருவதும் இந்தச் சர்வர்தான். அது முகவரியில் '@' குறிக்குப் பின்னால் உள்ள பகுதியைப் பார்க்கிறது. இந்தப் பகுதிக்கு டொமைன் என்று பெயர். 'இந்த டொமைனுக்கு வரும் மடல்களை வாங்கிக்கொள்ளும் சர்வர் எது?' என்று இணையத்தின் முகவரிப் பதிவேடான டிஎன்எஸ்-இடம் அது கேட்கிறது. பதிவேட்டில் 'எம்எக்ஸ்' என்ற வரியில் அதற்கான விடை இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் குறிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்பட்டிருக்கும். சிறிய எண் உள்ள சர்வரைத்தான் முதலில் அணுக வேண்டும். 10, 20 என இரண்டு இருந்தால், 10-ஐ அணுக முடியாதபோது 20-க்குப் போக வேண்டும்.

இதன் பிறகு இரண்டு சர்வர்களும் பேசிக்கொள்கின்றன. அந்த உரையாடலைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பெறும் சர்வர்: 220. தயாராக இருக்கிறேன்.
அனுப்பும் சர்வர்: வணக்கம், நான் இன்ன சர்வர்.
பெறும் சர்வர்: 250. சரி.
அனுப்பும் சர்வர்: இந்த முகவரியிலிருந்து ஒரு மடல்.
பெறும் சர்வர்: 250. சரி.
அனுப்பும் சர்வர்: இந்த முகவரிக்குச் சேர வேண்டும்.
பெறும் சர்வர்: 250. சரி.
அனுப்பும் சர்வர்: உள்ளடக்கத்தைத் தரட்டுமா?
பெறும் சர்வர்: 354. தொடங்கு.

மடல் முழுவதும் போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஒரு 250 வரும். அந்தக் கடைசி 250 வந்த நொடியில் மடலின் பொறுப்பு பெறும் சர்வருக்குக் கைமாறிவிடுகிறது. அதுவரை பொறுப்பு அனுப்பும் சர்வருடையது.

மறுப்பு இந்த உரையாடலின் எந்தப் படியிலும் வரலாம். பெறுநரின் முகவரியைச் சொன்னதுமே மறுப்பு வந்தால், பெரும்பாலும் முகவரியில் சிக்கல். உள்ளடக்கம் போன பிறகு வந்தால், மடலின் அளவு, இணைப்பு, நம்பகத்தன்மை ஆகியவற்றில் ஒன்றில் சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். மறுப்பு வந்ததும் அனுப்பிய சர்வர் நமக்கு ஓர் அறிவிப்பு எழுதுகிறது. மெயிலர் டீமன் பெயரில் வரும் மடல் அதுதான். பின்னணியில் ஓசையின்றி வேலை செய்யும் நிரலுக்கு 'டீமன்' என்ற பெயரை 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் வைத்தார்கள். இயற்பியல் ஆசிரியர்கள் அறிந்த மேக்ஸ்வெல்லின் பூதத்தை நினைத்து வைத்த பெயர் அது. பயப்பட ஒன்றுமில்லை.

முதல் இலக்கத்தைப் பாருங்கள்

திரும்பிய மடலில் 'தொலைவில் உள்ள சர்வர் தந்த பதில்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அடுத்து மூன்று இலக்க எண் ஒன்றும், அதன் அருகில் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட இன்னோர் எண்ணும் இருக்கும். எடுத்துக்காட்டாக, 550 5.1.1 என்று வரலாம். ஆங்கில வரிகளை விட்டுவிட்டு முதலில் இந்த எண்களைத் தேடுங்கள்.

முதல் இலக்கம்தான் முதன்மையானது. 2 என்றால் வேலை முடிந்தது. 3 என்றால் மேலே தொடரலாம். 4 என்றால் இப்போதைக்கு முடியாது. 5 என்றால் இப்படியே அனுப்பினால் எப்போதும் முடியாது.

4-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே வீண் முயற்சி பெரிதும் குறையும். 4-இல் தொடங்கும் பதில் வந்தால் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நம் சர்வர் மடலை வரிசையில் வைத்திருந்து தானாகவே மறுபடி முயலும். முயற்சிகளுக்கு இடையே குறைந்தது 30 நிமிட இடைவெளி விடவும், கைவிடுவதற்கு முன் 4, 5 நாட்களாவது முயலவும் பொதுவிதி சொல்கிறது. சில நிறுவனங்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்கின்றன. இந்த நேரத்தில் நாமும் திரும்பத் திரும்ப அனுப்பினால், கடைசியில் பெறுநருக்கு ஒரே மடல் நான்கு முறை போய்ச் சேரும்.

வேண்டுமென்றே 4 சொல்லும் சர்வர்களும் உண்டு. அறிமுகமில்லாத இடத்திலிருந்து முதல்முறை மடல் வந்தால், 'பிறகு வா' என்று 451 சொல்லித் திருப்பிவிடும். முறையான சர்வர் சிறிது நேரம் கழித்துத் திரும்பவும் வரும். குப்பை மடல் அனுப்பும் நிரல்கள் பலவும் அப்படிக் காத்திருந்து வருவதில்லை. 'கிரேலிஸ்டிங்' என்ற இந்த முறை 2003-இல் முன்வைக்கப்பட்டது. புதிதாக ஓர் அலுவலகத்துக்கு அனுப்பும் மடல் அரைமணி நேரம் தாமதமாகச் சேர்வதற்கு இது ஒரு காரணம். கடைசி நாளில், கடைசி மணி நேரத்தில் அனுப்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

5-இல் தொடங்கும் பதில் இதற்கு நேர்மாறு. சர்வர் தானாக மறுபடி முயலாது. எதையாவது மாற்றாமல் நாமே நூறு முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். எதை மாற்ற வேண்டும் என்பதைப் புள்ளி வைத்த இரண்டாவது எண் சொல்கிறது.

நாமே சரிசெய்யக்கூடியவை

5.1.1 என்றால் அந்த டொமைன் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் அங்கே கணக்கு இல்லை என்று பொருள். 5.1.2 என்றால் டொமைனிலேயே சிக்கல். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையால் எழுதித் தந்த முகவரியைத் தட்டச்சு செய்யும்போது இந்த இரண்டும் அடிக்கடி நேர்கின்றன. சுழியமும் 'ஓ' எழுத்தும் மாறிவிடுகின்றன. ஒன்று என்ற எண்ணும் சிறிய 'எல்' எழுத்தும் ஒன்றுபோலத் தெரிகின்றன. கீழ்க்கோடு நடுக்கோடாகிவிடுகிறது. 'டாட் காம்' என்பதில் கடைசி எழுத்தான 'எம்', 'என்' ஆகிவிடுகிறது. முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஓரத்தில் ஓர் இடைவெளியோ காற்புள்ளியோ ஒட்டிக்கொள்வதும் உண்டு. பெற்றோரிடம் முகவரியை வாங்கும்போதே ஒரு சோதனை மடல் அனுப்பிப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

சரியாக இருந்த முகவரியும் ஒருநாள் 5.1.1 சொல்லலாம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பதிவுக்காகத் தொடங்கி, அதன் பிறகு திறக்கப்படாத மாணவர் கணக்குகளுக்கு இந்த ஆபத்து உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்கு அதே முகவரியைத் தரப் போகும் மாணவர்களிடம், இடையிடையே கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

4.2.2 அல்லது 5.2.2 என்றால் பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் மின்னஞ்சலுக்கு மட்டுமானதல்ல. டிரைவ், ஃபோட்டோஸ் ஆகியவையும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஆண்டுவிழா ஒளிப்படங்களும் காணொளிகளும் பள்ளியின் கணக்கில் ஏறி இடத்தை நிரப்பிவிட்டால், அலுவலகத்திலிருந்து வரும் மடலுக்கு இடமிருக்காது. நாம் அனுப்பும் மடல் திரும்பினால் நமக்குத் தெரியும். நமக்கு வரும் மடல் திரும்பினால் அனுப்பியவருக்குத்தான் தெரியும். அதனால் பள்ளிக் கணக்கில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்பதை மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

5.3.4 என்றால் மடல் அளவுக்கு மீறிப் பெரியது. 'என் கோப்பு 8 எம்பிதான், அவர்களின் வரம்பு 10 எம்பி. பிறகு ஏன் மறுக்கிறார்கள்?' என்று குழம்புவோர் உண்டு. மின்னஞ்சல் எழுத்துகளைச் சுமக்கவே உருவாக்கப்பட்டது. படமோ பிடிஎஃப் கோப்போ போக வேண்டுமானால் அதை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப முடியும். அப்படி மாற்றும்போது 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகின்றன. 8 எம்பி கோப்பு ஏறக்குறைய 10.7 எம்பி ஆகிவிடுகிறது. ஆகவே வரம்பின் முக்கால் பங்குக்குள் கோப்பு இருக்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போது தெளிவின் அளவைக் குறைத்தாலோ, கோப்பை டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை மட்டும் அனுப்பினாலோ இந்தச் சிக்கல் தீரும். டிரைவ் வழியாக அனுப்பினால், பெறுநர் திறந்து பார்க்க அனுமதி தந்திருக்கிறோமா என்று சரிபாருங்கள்.

5.6.7 அரிதாக வரும் எண். ஆனால் தமிழில் முகவரி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. '@' குறிக்கு முன்னும் பின்னும் தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்த வழிசெய்யும் விதிகள் 2012-இல் வெளிவந்தன. '.இந்தியா' என்று முடியும் தமிழ் டொமைன்களும் உள்ளன. இத்தகைய முகவரிகளுடன் மடல் பரிமாறும் வசதியை ஜிமெயில் 2014-இல் கொண்டுவந்தது. எனினும் வழியில் உள்ள ஒரு சர்வர் பழைய விதிகளிலேயே இயங்கினால் அந்த முகவரியை ஏற்காது. தமிழ் முகவரி வைத்திருப்பவர்கள், மாற்றாக ஆங்கில எழுத்து முகவரி ஒன்றையும் வைத்துக்கொள்வதே இப்போதைக்குப் பாதுகாப்பு.

'உன்னை எப்படி நம்புவது?'

முகவரி சரி, அளவும் சரி. ஆனாலும் 5.7 என்று தொடங்கும் எண்ணுடன் மடல் திரும்புகிறது. 5.7.1, 5.7.26 போன்றவை இந்த வகை. இவை நம்பிக்கை தொடர்பானவை.

எஸ்எம்டிபி விதிகள் எழுதப்பட்ட காலத்தில் வலையமைப்பில் இருந்தவர்கள் மிகச் சிலர். 'இந்த முகவரியிலிருந்து ஒரு மடல்' என்று அனுப்பும் சர்வர் சொன்னால், அது உண்மைதானா என்று சோதிக்க விதிகளில் வழியே இல்லை. உறையின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதித் தபால் பெட்டியில் போடலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கேட்காதவர்களுக்கு விளம்பர மடல் அனுப்பும் பழக்கம் 1978-லேயே தொடங்கிவிட்டது. ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் அன்றைய வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். பின்னர் குப்பை மடல்களும், வங்கியின் பெயரில் வரும் மோசடி மடல்களும் பெருகியபோது, அனுப்புநரைச் சோதிக்க மூன்று முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

முதலாவது எஸ்பிஎஃப். 'எங்கள் டொமைன் பெயரில் மடல் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே உரிமை உண்டு' என்று டொமைனின் உரிமையாளர் டிஎன்எஸ் பதிவேட்டில் எழுதிவைப்பது இது. பெறும் சர்வர், வந்திருப்பவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்கும்.

இரண்டாவது டிகிம். அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மடலிலும் ஒரு மறைகுறி முத்திரை இடுகிறது. முத்திரையைச் சரிபார்க்கும் திறவுகோல் டிஎன்எஸ் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். முத்திரைக்கு உட்பட்ட பகுதியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது பொருந்தாமல் போய்விடும்.

மூன்றாவது டிமார்க். நாம் திரையில் பார்க்கும் அனுப்புநர் முகவரியோடு மேற்கண்ட இரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று இது பார்க்கிறது. பொருந்தாவிட்டால் மடலை ஏற்பதா, ஸ்பேமில் போடுவதா, மறுப்பதா என்பதையும் டொமைன் உரிமையாளரே முன்கூட்டி அறிவித்துவிடுகிறார்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவற்றைக் கண்டிப்பாக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு மடல் அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சிக்கலின்றிப் போய்க்கொண்டிருந்த மடல்கள் அந்த ஆண்டில் திடீரெனத் திரும்பத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

நம் தனிப்பட்ட ஜிமெயில் முகவரியிலிருந்து அனுப்பும்போது இவற்றையெல்லாம் அந்த நிறுவனமே பார்த்துக்கொள்கிறது. பள்ளிக்கென்று சொந்த டொமைன் வைத்திருந்தால்தான் நாம் கவனிக்க வேண்டும். அத்தகைய பள்ளிகளில் நான்கு இடங்களில் சிக்கல் எழுவது வழக்கம்.

ஒன்று, டொமைனைப் புதுப்பிக்க ஆண்டுக் கட்டணம் கட்ட மறப்பது. டொமைன் காலாவதியானால் இணையதளத்தோடு மின்னஞ்சலும் நின்றுவிடும்.

இரண்டு, இணையதளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது எம்எக்ஸ், எஸ்பிஎஃப் வரிகளைப் புதிய இடத்தில் எழுதாமல் விடுவது. பழைய எஸ்பிஎஃப் வரியை நீக்காமல் புதிதாக இன்னொன்றைச் சேர்ப்பதும் தவறு. ஒரு டொமைனுக்கு ஓர் எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை பிழையில் முடியும்.

மூன்று, இணையதளத்தில் உள்ள தொடர்புப் படிவம். பெற்றோர் தம் யாஹூ முகவரியைப் படிவத்தில் நிரப்புகிறார். இணையதளமோ அந்த முகவரியையே அனுப்புநராகப் போட்டுப் பள்ளிக்கு மடல் அனுப்புகிறது. இது யாஹூவின் சர்வரிலிருந்து வரவில்லை. தன் பெயரில் வேறு இடத்திலிருந்து வரும் மடலை மறுக்கும்படி 2014-லேயே யாஹூ அறிவித்துவிட்டது. அதனால் மடல் நிராகரிக்கப்படும். அனுப்புநராகப் பள்ளியின் முகவரியை வைத்து, பதில் போக வேண்டிய முகவரியாகப் பெற்றோரின் முகவரியை வைத்தால் இது சரியாகிவிடும்.

நான்கு, ஒரு முகவரிக்கு வரும் மடலை வேறொரு கணக்குக்குத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு. திருப்பிவிடும் சர்வரின் பெயர் மூல அனுப்புநரின் எஸ்பிஎஃப் பட்டியலில் இருக்காது. டிகிம் முத்திரை இருந்தால் மடல் தப்பிவிடும், இல்லையென்றால் மறுக்கப்படலாம்.

இவை தவிர, தடைப்பட்டியலும் உண்டு. குப்பை மடல் அனுப்பும் சர்வர்களின் ஐபி முகவரிகளைத் தொகுத்து வெளியிடும் அமைப்புகள் உள்ளன. 1998-இல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் அவற்றுள் பெயர் பெற்றது. பல சர்வர்கள் இத்தகைய பட்டியலைப் பார்த்தே மடலை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கின்றன. குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் இணையதள இடங்களில், ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான இணையதளங்கள் பகிர்ந்துகொள்ளும். பக்கத்துக் குடித்தனக்காரர் ஒருவர் குப்பை மடல் அனுப்பினால், நம் பள்ளியின் மடலும் சேர்ந்து தடைபடும். பட்டியலின் பெயர் பெரும்பாலும் மறுப்பு மடலிலேயே இருக்கும். அந்த வரியை நகலெடுத்து இணையதள இடம் தந்த நிறுவனத்துக்கு அனுப்பினால் போதும். பெயரை நீக்கக் கோருவது அவர்களின் வேலை.

500 மைலுக்கு அப்பால் போகாத மடல்

மறுப்புக்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது ஓர் அறிவியல் ஆய்வு போன்றது. கணினி உலகில் பலருக்கும் தெரிந்த ஒரு நிகழ்வு இதற்கு எடுத்துக்காட்டு. 1990-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலைப் பராமரித்தவர் டிரே ஹாரிஸ். ஒருநாள் புள்ளியியல் துறைத் தலைவர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். தங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மடல் போவதில்லை என்றார். மின்னஞ்சல் தொலைவைப் பார்த்து வேலை செய்வதில்லை என்று ஹாரிஸ் சொல்லிப் பார்த்தார். ஆனால் துறையினர் சில நாட்களாகத் தரவுகளைச் சேர்த்து, எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று வரைபடமே தயாரித்திருந்தார்கள்.

ஹாரிஸ் தானே சோதித்தார். அருகிலுள்ள ரிச்மண்ட், அட்லாண்டா, வாஷிங்டன் நகரங்களுக்கு மடல் போயிற்று. 420 மைல் தொலைவில் உள்ள நியூயார்க்கிற்கும் போயிற்று. 580 மைல் தொலைவில் உள்ள பிராவிடன்ஸுக்குப் போகவில்லை. அதே மாநிலத்தில் வசிக்கும் ஒரு நண்பருக்கு அனுப்பினார். நண்பர் பயன்படுத்திய சர்வரோ தொலைவில் சியாட்டில் நகரில் இருந்தது. அந்த மடலும் போகவில்லை. ஆக, மனிதர் இருக்கும் இடம் இதற்குக் காரணமல்ல, சர்வர் இருக்கும் இடமே காரணம் என்பது உறுதியாயிற்று.

அடுத்து அவர் கேட்ட கேள்வி, 'அண்மையில் எது மாறியது?' என்பது. சில நாட்களுக்கு முன் ஒருவர் அந்தத் துறையின் சர்வரில் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார். அந்தப் புதுப்பித்தலில் மடல் அனுப்பும் நிரல் மட்டும் பழைய பதிப்புக்குப் போய்விட்டது. புதிய பதிப்புக்காக எழுதிய அமைப்புக் கோப்பைப் பழைய பதிப்பால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. அதனால் மறுமுனைச் சர்வரின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற மதிப்பு சுழியமாகிவிட்டது. அந்தக் கணினியில் சுழியம் என்பது நடைமுறையில் 3 மில்லிவினாடிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் ஒளி எவ்வளவு தொலைவு போகும்? நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் 900 கிலோமீட்டர் வரும். மைல் கணக்கில் அது சுமார் 559.

2002-இல் இதை எழுதி வெளியிட்ட ஹாரிஸ், படிக்கச் சுவையாக இருப்பதற்காகச் சில விவரங்களை மாற்றியும் சுருக்கியும் சொல்லியிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் அவர் பின்பற்றிய வழி நமக்கும் பொருந்தும். நம்ப முடியாத புகாராக இருந்தாலும் தரவைப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தார். எது மாறியது என்று கேட்டார்.

என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஒரு மடல் திரும்பி வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. மறுப்பு மடலை அழிக்காதீர்கள். உண்மைக் காரணம் அதில்தான் இருக்கிறது.
2. எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4 என்றால் காத்திருங்கள். 5 என்றால் எதையாவது மாற்றாமல் மறுபடி அனுப்பாதீர்கள்.
3. முகவரியை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.
4. இணைப்பு இல்லாமல் இரண்டு வரி மட்டும் அனுப்பிப் பாருங்கள். போனால் சிக்கல் இணைப்பில்தான் இருக்கிறது.
5. அதே மடலை வேறொரு நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே போய் இங்கே மட்டும் திரும்பினால், இந்தப் பெறும் சர்வரின் விதிகள்தான் காரணமாக இருக்கக்கூடும். எங்கும் போகவில்லை என்றால் சிக்கல் நம் பக்கம்.
6. பள்ளியின் சொந்த டொமைன் என்றால், அதிலிருந்து ஒரு ஜிமெயில் கணக்குக்கு மடல் அனுப்புங்கள். அது சேர்ந்தால், கணினியில் அந்த மடலைத் திறந்து 'அசலைக் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஒவ்வொன்றும் தேறியதா தவறியதா என்று அங்கே தெரியும்.
7. உதவி கேட்கும்போது, 'மெயில் போகவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். அனுப்பிய நாள், நேரம், இரு முகவரிகள், மறுப்பு மடலின் முழு வாசகம் ஆகிய நான்கையும் தாருங்கள். தொழில்நுட்பப் பணியாளருக்கு வேண்டியவை இவைதான்.

கடைசி நாள் தொடர்பான மடல் திரும்பினால், பெறும் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டு, மறுப்பு மடலையும் பத்திரமாக வைத்திருங்கள். உரிய நேரத்தில் அனுப்ப முயன்றோம் என்பதற்கு அதில் உள்ள நாளும் நேரமும் சான்றாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நாம் அனுப்பாத மடல் திரும்பி வந்தால், யாரோ நம் முகவரியைப் பொய்யாகப் பயன்படுத்துகிறார்கள், அல்லது நம் கணக்குக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள் என்று பொருள். 'அனுப்பியவை' பகுதியைப் பார்த்துவிட்டுக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். 'உங்கள் மடல் சேரவில்லை, இங்கே அழுத்திக் கடவுச்சொல்லை இடுங்கள்' என்று கேட்கும் மடல் மோசடியே. உண்மையான மறுப்பு மடல் ஒருபோதும் கடவுச்சொல் கேட்காது.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களுடன் இதை விளையாட்டாகச் செய்யலாம். ஒருவர் அனுப்பும் சர்வர், ஒருவர் டிஎன்எஸ் பதிவேடு, இருவர் பெறும் சர்வர்கள். பெறும் சர்வர்களிடம் 220, 250, 354, 451, 550, 552 என்று எழுதிய அட்டைகள் இருக்கட்டும். வகுப்பில் உள்ள மற்றவர்கள் மடல் எழுதி அனுப்பும் சர்வரிடம் தர வேண்டும். சில மடல்களில் பெயர் தவறாக இருக்கட்டும். சிலவற்றை வேண்டுமென்றே கனமாக்குங்கள். அட்டை காட்டப்பட்டதும், மடலை எழுதியவர் 'காத்திருப்பேன்' அல்லது 'இதை மாற்றுவேன்' என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல், 3 பைட் 4 எழுத்தாகும் கணக்கையும், ஒளி 3 மில்லிவினாடியில் போகும் தொலைவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மாணவர் விடைத்தாளில் தவறான விடையைக் கண்டால், 'மறுபடி எழுது' என்று மட்டும் சொல்லி நாம் விட்டுவிடுவதில்லை. எந்தப் படியில் பிசகினார் என்று பார்க்கிறோம். கடன் வாங்க மறந்தாரா, வாய்பாடு தவறியதா என்று கண்டறிந்த பிறகுதான் திருத்தச் சொல்கிறோம். திரும்பி வந்த மின்னஞ்சலையும் அந்தக் கண்ணோடு படித்தால், ஒரு மாணவரின் விண்ணப்பம் உரிய நாளில் போய்ச் சேரும்.